மலிவு விலைச் சவாரி பூட்ஸ்: எதில் சிக்கனம் செய்யலாம்?

குதிரைமேல் அமர்ந்து செல்பவர் தம் கால்களால் நடப்பதில்லை. அப்படியிருக்க, அவருக்கு முழங்கால் வரை உயர்ந்த தனி பூட்ஸ் எதற்கு? வெறும் அழகுக்காகவா?

பிரிட்டனில் குதிரையேற்றம் பயிலும் பள்ளி மாணவர்கள் ஏராளம். அவர்களுக்கென்றே 1929-ஆம் ஆண்டு முதல் 'போனி கிளப்' என்னும் சங்கம் இயங்கி வருகிறது. அங்கே உயர்ந்த தோல் பூட்ஸ் ஒரு ஜோடியின் விலை, பிளாஸ்டிக் பூட்ஸின் விலையைப் போலப் பல மடங்கு. வளரும் பிள்ளைகளுக்கோ ஓராண்டில் பூட்ஸ் சிறியதாகிவிடும். ஆகவே பல பெற்றோர் இணையக் கடைகளில் தள்ளுபடி விலையில் கிடைப்பதை வாங்குகிறார்கள். மலிவானது ஆபத்தானதா? இதற்கு விடை காண, பூட்ஸின் ஒவ்வொரு உறுப்பும் என்ன வேலை செய்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும்.

அங்கவடியும் காலும்

சேணத்தின் இருபுறமும் வாரில் தொங்கும் இரும்பு வளையமே அங்கவடி. சவாரி செய்பவர் தம் பாதத்தின் முன்பகுதியை அதில் ஊன்றிக் கொள்கிறார். அங்கவடி அவருக்கு உறுதுணை. ஆனால் அதுவே பொறியாகவும் மாறக்கூடும். குதிரை மிரண்டு ஓடும்போது அவர் கீழே விழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பாதம் உடனே வளையத்தை விட்டு வெளிவந்தால், விழுந்த அடியோடு போயிற்று. பாதம் வளையத்துக்குள் புகுந்து சிக்கிக்கொண்டாலோ, ஓடும் குதிரை அவரைத் தரையோடு இழுத்துச் செல்லும். குதிரையேற்ற விபத்துகளில் மிகக் கொடியவற்றுள் இதுவும் ஒன்று.

இதைத் தடுக்கும் முதற் கருவி ஹீல். சுமார் 2.5 செ.மீ. உயரத்தில், முன்பக்கம் செங்குத்தாக வெட்டப்பட்ட ஹீல் ஒரு தடுப்புச் சுவர் போன்றது. பாதம் முன்னோக்கி வழுக்கினாலும் ஹீல் அங்கவடியில் முட்டி நின்றுவிடும். ஹீல் இல்லாத விளையாட்டுக் காலணியில் இந்தத் தடை கிடையாது. கணுக்கால் வரை உள்ளே போய்விடலாம்.

இரண்டாவது கருவி சோல். நடப்பதற்கான காலணியில் மேடு பள்ளங்கள் இருந்தால் நல்லது; அவை மண்ணைப் பற்றிக்கொள்ளும். சவாரியில் நமக்கு வேண்டியது நேர்மாறானது. விழும்போது பாதம் பின்னோக்கித் தடையின்றி நழுவ வேண்டும். ஆழமான பள்ளங்கள் அங்கவடியின் விளிம்பைக் கவ்விக்கொள்ளும். ஆகவே சோல் ஏறக்குறைய வழவழப்பாக இருக்க வேண்டும். தெளிவான ஹீல் இருக்க வேண்டும், கவ்வும் பள்ளங்கள் கூடாது என்பது போனி கிளப்பின் விதிகளிலும் உண்டு.

அங்கவடியின் அகலமும் முக்கியம். அது பூட்ஸின் மிக அகன்ற பகுதியைவிடச் சுமார் 2.5 செ.மீ. கூடுதலாக இருக்க வேண்டும். புது பூட்ஸ் பழையதைவிடப் பருமனாக இருந்தால், அங்கவடியையும் மாற்ற நேரிடும்.

செய்து பாருங்கள்

வழவழப்பான சோல் கொண்ட செருப்பு ஒன்றையும், ஆழமான பள்ளங்கள் உள்ள ஷூ ஒன்றையும் தலைகீழாக வையுங்கள். ஒரு பென்சிலைச் சோலின் மேல் குறுக்காக வைத்து, லேசாக அழுத்தியபடி ஹீல் பக்கத்திலிருந்து விரல் பக்கம் இழுங்கள். எதில் பென்சில் தட்டித் தட்டி நிற்கிறது? பென்சிலே அங்கவடி என்று எண்ணிக்கொண்டால் காரணம் தானே விளங்கும்.

உயர்ந்த பூட்ஸ் எதற்கு?

அங்கவடியின் வார் கெண்டைக்காலில் ஓயாமல் உராயும், தோலைக் கிள்ளும். முழங்கால் வரை உயர்ந்த பூட்ஸ் இந்த உராய்விலிருந்து காக்கிறது. ஆனால் இதே வேலையைக் குறைந்த செலவில் செய்ய இன்னொரு வழியும் உண்டு. கணுக்கால் உயரமே உள்ள 'ஜோத்பூர் பூட்ஸ்' அணிந்து, கெண்டைக்காலைச் சுற்றித் தனியாக ஓர் உறை மாட்டிக்கொள்ளலாம். ஜோத்பூர் என்பது நம் ராஜஸ்தான் நகரின் பெயரே. அந்நகரின் குதிரைவீரர்கள் அணிந்த கால்சட்டைக்குப் பெயராகி இங்கிலாந்து சென்ற அச்சொல், பின்னர் அதனுடன் அணியும் பூட்ஸையும் குறிக்கலாயிற்று.

விலை வேறுபாடு எங்கிருந்து வருகிறது?

விலையை ஏற்றுவது ஹீலும் சோலும் அல்ல; மேற்பகுதியின் பொருளும் அதன் வேலைப்பாடும்தான்.

விலங்கின் தோல் 'கொலாஜன்' என்னும் புரத இழைகளின் பின்னல். பச்சைத் தோல் அழுகிவிடும். குரோமியம் உப்பினாலோ, ஆவாரம் பட்டை போன்றவற்றிலுள்ள டானின்களாலோ பதனிட்டால், இழைகள் ஒன்றோடொன்று பிணைந்து நிலைபெறும். பதனிட்ட தோல் வியர்வை ஆவியை ஓரளவு வெளியே விடும். நாளடைவில் காலின் வடிவத்துக்கு இசையும். ஆனால் தழும்பும் ஓட்டையும் இல்லாத பெரிய துண்டுகளை வெட்டியெடுக்கும்போது கழிவு மிகுதி. தையல் வேலையும் அதிகம்.

மலிவு பூட்ஸ் பலவும் பி.வி.சி. பிளாஸ்டிக்கால் ஆனவை. உருகிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் செலுத்திச் சில நிமிடங்களில் பூட்ஸை வார்த்துவிடலாம். விலைக் குறைவின் இரகசியம் இதுவே. மழையும் சேறும் இதை ஒன்றும் செய்யா. ஆனால் வியர்வை வெளியேறாது. மேலும், தூய பி.வி.சி. விறைப்பானது, அதன் மூலக்கூறு சங்கிலிகளுக்கு இடையே மென்மையூட்டும் வேதிப்பொருளைச் சேர்த்தே வளையும்படி செய்கிறார்கள். அப்பொருள் ஆண்டுகள் செல்லச் செல்லக் கசிந்து வெளியேறும். அப்போது பூட்ஸ் கடினமாகி, அடிக்கடி மடங்கும் கணுக்கால் பகுதியில் வெடிக்கும். ஓரிரு ஆண்டில் சிறியதாகிவிடும் பூட்ஸுக்கு இது பெரிய குறையன்று.

முத்திரையைப் படியுங்கள்

இணையக் கடையில் பொருளைத் தொட்டுப் பார்க்க முடியாது. 'தோல் போன்ற தோற்றம்' என்றால் அது தோல் அல்ல என்றே பொருள். பிரிட்டனில் 1995-ஆம் ஆண்டின் விதிகளின்படி காலணிகளில் பொருளைக் குறிக்கும் முத்திரை இருக்க வேண்டும். விரித்த விலங்குத் தோலின் உருவம் தோலையும், வலைப்பின்னல் துணியையும், வெறும் சாய்சதுரம் பிளாஸ்டிக் முதலிய பிற பொருள்களையும் குறிக்கும். மேற்பகுதிப் பரப்பில் குறைந்தது 80 விழுக்காடு தோலாக இருந்தால்தான் அதற்குத் தோல் முத்திரையை மட்டும் தனியே இடலாம்.

அளவெடுக்கும் கணக்கு

பிரிட்டிஷ் அளவில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் உள்ள வேறுபாடு 1/3 அங்குலம், அதாவது 8.47 மி.மீ. ஐரோப்பிய அளவில் இது 2/3 செ.மீ., அதாவது 6.67 மி.மீ. இரண்டு படிகளும் ஒத்துப் போகாததால் ஒன்றை மற்றொன்றாக மாற்றும்போது அரை எண் பிசகலாம். ஆகவே பாதத்தின் நீளத்தை மில்லிமீட்டரில் அளந்து, அந்தக் கடை தரும் பட்டியலோடு ஒப்பிடுவதே நல்லது.

உயர்ந்த பூட்ஸுக்கு மேலும் இரண்டு அளவுகள் தேவை. மாலை வேளையில், சவாரிக் கால்சட்டையும் காலுறையும் அணிந்து, நாற்காலியில் அமர்ந்து, முழங்காலைச் செங்கோணமாக மடித்துக்கொள்ளுங்கள். கெண்டைக்காலின் மிகப் பருத்த இடத்தின் சுற்றளவையும், தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை உள்ள உயரத்தையும் அளவிடுங்கள். மாலையில் கால் சற்றே வீங்கியிருக்கும் என்பதால்தான் அவ்வேளை. தோல் பூட்ஸ் பழகியபின் கணுக்காலில் மடிப்பு விழுந்து சில செ.மீ. இறங்கும், எனவே தொடக்கத்தில் சற்று உயரமாக இருக்கலாம். வார்ப்பு பிளாஸ்டிக் அவ்வளவாக இறங்காது. வாங்கும்போதே உயரம் சரியாக இருக்க வேண்டும்.

பூட்ஸின் சுற்றளவு காலைவிட 2 செ.மீ. கூடுதல் என்றால் இடைவெளி அதிகமோ என்று அஞ்ச வேண்டாம். அதை 2π-ஆல் வகுத்தால் காலைச் சுற்றிலும் கிடைப்பது சுமார் 3 மி.மீ. இடைவெளியே.

பூட்ஸ் வந்ததும் வீட்டுக்குள், விரிப்பின் மேல் மட்டும் அணிந்து பாருங்கள். பிரிட்டனில் 2013-ஆம் ஆண்டின் விதிகள், பொதுவாக இணையத்தில் வாங்கிய பொருளை அது கைக்கு வந்த 14 நாள்களுக்குள் காரணம் கூறாமலே வேண்டாம் என்று சொல்ல இடமளிக்கின்றன. சோலில் சேறு படிந்துவிட்டால் பணம் குறையக்கூடும்.

ஆகவே பளபளப்பிலும், தோலிலும், தையல் அழகிலும் சிக்கனம் செய்யலாம். ஹீல், சோல், அளவு ஆகிய மூன்றிலும் விட்டுக்கொடுக்கலாகாது. இம்மூன்றும் சரியாக அமைந்த பிளாஸ்டிக் பூட்ஸ், தட்டையான அடியுள்ள உயர்ந்த விலை நாகரிகக் காலணியைவிடச் சவாரிக்குப் பாதுகாப்பானது.

சிந்தித்து விடை எழுதுக

1. மலையேறும் பூட்ஸ் சவாரிக்கு ஏற்றதாகாது. ஏன்?
2. பிரிட்டிஷ் அளவில் 3 எண்கள் கூடினால் ஐரோப்பிய அளவில் ஏறக்குறைய எத்தனை எண்கள் கூடும்?
3. கெண்டைக்காலின் சுற்றளவு 34 செ.மீ.; பூட்ஸின் சுற்றளவு 37 செ.மீ. சுற்றிலும் உள்ள இடைவெளி எவ்வளவு?