கடலுக்குக் கரை கட்டிய நாடும் நம்ம ஊர் டச் ரோஸும்



போன மாதம் பாகலூர் பக்கம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சேமிப்பு வசூல் முடிந்து, உள்கடன் பற்றிப் பேச்சு வந்தது. ரோஸ் தோட்டத்தில் கூலிக்குப் பூப் பறிக்கும் ஒரு உறுப்பினர் கேட்டார்: "மேடம், பாலிஹவுஸ் போட்டா நல்ல வருமானம்னு சொல்றாங்க. எங்களுக்கு அரை ஏக்கர் இருக்கு. பட்டாவ வெச்சுக் கடன் வாங்கலாமா?"

உடனே பதில் சொல்ல முடியவில்லை. அவர் தினமும் பறிக்கும் பூவுக்கு வியாபாரிகள் வைத்த பெயர் 'டச் ரோஸ்'. டச் என்றால் நெதர்லாந்து, நாம் ஹாலந்து என்று சொல்லும் நாடு. அந்த நாட்டு விவசாயிகள் எப்படி முன்னுக்கு வந்தார்கள், இப்போது எதில் மாட்டிக்கொண்டு தவிக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால், இந்தக் கேள்விக்குப் பதில் நமக்கே கிடைக்கும். அதுதான் இந்த மாதப் பாடம்.

சின்ன நாடு, பெரிய உழைப்பு

நெதர்லாந்து தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை. அந்த நாட்டில் ஏறக்குறைய கால் பகுதி கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. கரை கட்டி, காற்றாலை வைத்துத் தண்ணீரை இறைத்து வெளியேற்றித்தான் நிலத்தை உண்டாக்கினார்கள். 1932-இல் 32 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலின் குறுக்கே ஒரு கரையைக் கட்டி முடித்தார்கள். அப்படியும் 1953-இல் கரை உடைந்து வெள்ளம் புகுந்து 1,836 பேர் இறந்துபோனார்கள்.

ஒருவர் பங்குக் கரை உடைந்தால் ஊரே மூழ்கும். அதனால் அங்கே பல நூறு வருடங்களுக்கு முன்பே ஊர்க்காரர்கள் கூடி, தண்ணீர் வாரியங்கள் அமைத்து, ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு போட்டுக் கரையைக் காத்தார்கள். ஏரி மதகைக் காக்க நம் ஊரில் நீர்க்கட்டி வைத்த மாதிரிதான்.

நஷ்டம் வந்தபோது சேர்ந்தார்கள்

1880 வாக்கில் அமெரிக்காவிலிருந்து மலிவான தானியம் கப்பலில் வந்து இறங்கியது. ஐரோப்பிய விவசாயிகளின் கோதுமைக்கு விலை போனது. டச்சு விவசாயிகள் பலர் தானியத்தைக் குறைத்துக்கொண்டு பால், வெண்ணெய், காய்கறி, பூ என்று மாறினார்கள். பயிரை மட்டும் மாற்றவில்லை, விற்கும் முறையையும் மாற்றினார்கள். 1886-இல் வார்கா என்ற ஊரில் விவசாயிகளே சேர்ந்து பால் ஆலை வைத்தார்கள். ஊருக்கு ஊர் சிறுசேமிப்பு, கடன் சங்கங்கள் வந்தன. அவைதான் பின்னால் 1972-இல் ஒன்றாகி ராபோ பேங்க் என்ற பெரிய வங்கி ஆயின.

இதைப் படிக்கும்போது நம் கதை ஞாபகம் வருகிறதா? தமிழ்நாட்டில் அரசு உதவியோடு மகளிர் சுய உதவிக் குழுக்கள் முதலில் ஆரம்பித்தது 1989-இல், அன்றைய தருமபுரி மாவட்டத்தில். ஓசூரும் கிருஷ்ணகிரியும் அப்போது அதற்குள்தான் இருந்தன. அங்கே செய்ததை நாமும் நம் அளவில் செய்துகொண்டுதான் இருக்கிறோம்.

விலையை யார் சொல்வது?

வியாபாரி சொன்ன விலைக்கே விற்க வேண்டியிருந்ததால், பூ விவசாயிகள் 1911-இல் ஆல்ஸ்மீர் என்ற ஊரில் சொந்தமாக ஏலக் கூடம் ஆரம்பித்தார்கள். அங்கே ஏலம் தலைகீழாக நடக்கும். நம் ஊர் ஏலத்தில் விலை ஏறும். அங்கே உயர்ந்த விலையில் ஆரம்பித்து, கடிகார முள் மாதிரி கீழே இறங்கும். முதலில் பொத்தானை அமுக்கியவருக்குப் பூ. யோசித்துக்கொண்டே நின்றால் சரக்கு வேறு ஆளுக்குப் போய்விடும். இன்றும் அந்த ஏலக் கூடம் விவசாயிகளின் கூட்டுறவாகவே நடக்கிறது. பெங்களூரு ஹெப்பாலில் உள்ள பூ ஏல மையமும் இதே முறையைப் பார்த்து வந்ததுதான்.

அளவுக்கு மிஞ்சியபோது

பணத்தில் கணக்குப் பார்த்தால், விவசாயப் பொருள் ஏற்றுமதியில் உலகின் முன்னணி நாடுகளில் ஒன்று அந்தச் சின்ன நாடு. 2023-இல் ஏறக்குறைய 12,400 கோடி யூரோ. இதில் ஒரு பங்கு, கென்யா போன்ற நாடுகளிலிருந்து வாங்கி மறுபடி விற்பது.

ஆனால் சிறிய நிலத்தில் லட்சக்கணக்கான மாடு, ஒரு கோடிக்கு மேல் பன்றி. அத்தனை சாணத்திலிருந்தும் சிறுநீரிலிருந்தும் கிளம்பும் அம்மோனியா காட்டையும் தண்ணீரையும் கெடுத்தது. 2019-இல் அங்குள்ள உயர் நீதி அமைப்பு, இதற்குக் கட்டுப்பாடு வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. மாடுகளைக் குறைக்க அரசு திட்டம் போட்டதும் விவசாயிகள் டிராக்டரோடு சாலைக்கு வந்தார்கள். "பெருக்கு, பெருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க, கடன் கொடுத்தீங்க. இப்போ குறைன்னா எப்படி?" என்பது அவர்கள் கேள்வி. அதுவும் நியாயம்தான். அந்தச் சிக்கல் இன்னும் தீரவில்லை.

கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவதைப் பார்த்த நமக்கு, தண்ணீர் கெட்டால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

நம்ம ஊருக்கு எது பொருந்தும்?

டச்சுக்காரர்கள் குளிருக்காகக் கண்ணாடிக் குடிலில் கேஸ் எரித்துச் சூடு வைக்கிறார்கள். 2022-இல் கேஸ் விலை ஏறியபோது பலர் குடிலை அணைத்து வைத்தார்கள். ஓசூரில் அந்தச் செலவு இல்லை. நம் தட்பவெப்பமே ரோஜாவுக்கு ஏற்றது. அதனால்தான் அமுதகொண்டப்பள்ளி, தளி, பேரிகை பக்கமெல்லாம் குடில்கள் வந்தன.

ஆனால் சந்தை ஆபத்து இரண்டு இடத்திலும் ஒன்றுதான். 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது ஆல்ஸ்மீரில் லாரி லாரியாகப் பூவைக் கொட்டி அழித்தார்கள். ஓசூரிலும் பறித்த ரோஜாவைக் குப்பையில் கொட்டினார்கள். பூவைக் கொட்டிவிடலாம். கடனைக் கொட்ட முடியாது.

அதனால் அந்த உறுப்பினரிடம் நாங்கள் சொன்னவை:

1. மானியம் செலவில் ஒரு பங்குதான், மீதி நம் கடன். இப்போதைய அளவையும் தொகையையும் தோட்டக்கலைத் துறை அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். ஏஜென்ட் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள்.

2. பிப்ரவரி விலையை வைத்து வருடக் கணக்குப் போடாதீர்கள். ஆடி, மார்கழியில் முகூர்த்தம் இல்லாதபோது என்ன விலை என்று பாருங்கள். காற்றில் ஷீட் கிழிந்தால் மாற்றும் செலவையும் சேருங்கள்.

3. போர் தண்ணீர் கோடையில் நிற்குமா என்று பாருங்கள்.

4. மருந்து அடித்த குடிலுக்குள் உடனே போகாதீர்கள். முதலில் மூச்சு வாங்குவது அங்கே வேலை செய்யும் பெண்களுக்குத்தான்.

5. தனியாக இறங்க வேண்டாம். நாலைந்து பேர் சேர்ந்து ஒரே வண்டியில் அனுப்பினால் வாடகை குறையும், விலை பேசும் தைரியமும் வரும்.

பட்டா இப்போதைக்கு அவர் பெட்டியிலேயே இருக்கிறது. தோட்டத்தில் ஒரு கட்டு, அதாவது 20 பூ, அன்றன்று என்ன விலைக்குப் போகிறது என்று ஒரு நோட்டில் எழுதி வருகிறார். ஒரு வருடம் எழுதட்டும். அதன் பிறகு குழுவே உட்கார்ந்து முடிவு சொல்லும்.

குழுவில் கலந்து பேசுங்கள்

* நம் ஊரில் ஒரே பொருளைத் தனித்தனியாக விற்று நஷ்டப்படுபவர்கள் எத்தனை பேர்?
* 2020-இல் நம் குழுவில் யார் யாருக்குத் தவணை கட்ட முடியவில்லை? அப்போது குழு என்ன செய்தது?
* பட்டாவை அடகு வைக்கும் முன் குடும்பத்தில் யார் யார் சம்மதிக்க வேண்டும்? உங்கள் வீட்டில் உங்களைக் கேட்கிறார்களா?

பேசி முடித்ததைத் தீர்மான நோட்டில் எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.