மழை வேறெங்கோ பெய்தது

ஆகஸ்ட் மாதம், உச்சிவெயில். தலைக்கு மேல் மருந்துக்குக்கூட ஒரு மேகம் இல்லை. அரிசோனாவின் பேஜ் ஊரில் ஆன்டலோப் கேன்யனுக்குள் போக வரிசையில் நின்றிருந்த எங்களிடம் ஒரு நவஹோ பழங்குடிப் பெண் வந்து, "இன்றைக்கு யாரும் உள்ளே போக முடியாது. அங்கே மழை" என்று தெற்குப் பக்கமாக முகவாயை நீட்டிக் காட்டினார். அந்தத் திசையில், அடிவானத்தில், கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கருமை. அவ்வளவுதான்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. லாஸ் வேகஸிலிருந்து நாலரை மணி நேரம் வண்டி ஓட்டி வந்திருந்தோம். சீட்டு வாங்கி மூன்று மாதம் ஆகியிருந்தது. பணம் திரும்பி வந்துவிட்டது. ஆனால் அம்மா ஒன்றும் பேசாமல் காரில் போய் உட்கார்ந்ததைத்தான் தாங்க முடியவில்லை.

அன்றிரவு விடுதியில் உட்கார்ந்து படித்த பிறகுதான் புரிந்தது. 1997 ஆகஸ்ட் 12 அன்று கீழ் ஆன்டலோப் கேன்யனுக்குள் போன சுற்றுலாப் பயணிகள் 11 பேரைக் காட்டாற்று வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. கேன்யன் இருந்த இடத்தில் சொல்லும்படியான மழையே இல்லை. பல கிலோமீட்டர் தள்ளிக் கொட்டிய மழை, வறண்ட ஓடை வழியாகத் திரண்டு வந்து அந்தச் சந்துக்குள் புகுந்தது. அவர்களோடு போன வழிகாட்டி ஒருவர் மட்டும் உயிர் பிழைத்தார்.

கேன்யன் என்று சொல்கிறோமே தவிர, அது ஓடையின் படுக்கைதான். டைனோசர் காலத்து மணல்மேடுகள் இறுகிப் பாறையாகி, அந்தப் பாறையை மணல் கலந்த வெள்ளம் அறுத்து அறுத்து உண்டான பிளவு. மேல், கீழ் என்று பிரிந்திருக்கும் இந்தக் கேன்யனில், மேல் கேன்யனுக்கு நவஹோ மொழியில் உள்ள பெயரின் பொருளே 'பாறைகளுக்கு ஊடே தண்ணீர் ஓடும் இடம்'. அவர்கள் பெயரிலேயே சொல்லிவைத்திருக்கிறார்கள், நாம்தான் படம் மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பி வருகிறோம்.

அதனால் முதலில் மாதத்தைப் பாருங்கள். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை அங்கே மழைக்காலம். பெரும்பாலும் பிற்பகலில் இடி இடித்துக் கொட்டும். அந்த மாதங்களில்தான் போயாக வேண்டுமென்றால் காலை நேரத்துக்குச் சீட்டு வாங்குங்கள், பேஜில் கூடுதலாக ஒரு நாள் தங்கும்படி திட்டம் போடுங்கள். அன்று நான் அந்த ஒரு நாளை வைத்துக்கொள்ளாமல் மறுநாளே விமானத்துக்குச் சீட்டு வாங்கியிருந்தேன்.

அடுத்த முறை மே மாதம் போனோம். மேல் கேன்யனா, கீழ் கேன்யனா என்று எல்லோரும் கேட்பார்கள். எங்கள் வீட்டில் அம்மாவின் முழங்கால்தான் அதை முடிவு செய்தது. கீழ் கேன்யனில் செங்குத்தான இரும்புப் படிகளில் இறங்கி ஏற வேண்டும், சில இடங்களில் உடம்பை ஒருக்களித்துத்தான் நகர முடியும். மேல் கேன்யனில் தரை சமமான மணல். வண்டியில் வாசல்வரை கொண்டுபோய் விடுகிறார்கள். படங்களில் பார்க்கும் அந்த ஒளித்தூண் விழுவதும் மேல் கேன்யனில்தான். மார்ச் கடைசியிலிருந்து அக்டோபர் தொடக்கம்வரை, உச்சிவேளையை ஒட்டி. அந்த நேரத்துச் சீட்டுக்கு விலையும் அதிகம், கூட்டமும் அதிகம். ஒளித்தூண் இல்லாவிட்டால் போகிறது என்பவர்கள் கீழ் கேன்யனுக்குப் போகலாம். வளைந்து வளைந்து போகும் சுவர்கள் அங்கே இன்னும் நெருக்கம்.

கடிகார விஷயத்தை அவசியம் சொல்ல வேண்டும். கோடையில், நவஹோ மக்களின் தன்னாட்சிப் பகுதியான நவஹோ நாடு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்திவைக்கிறது. அரிசோனாவின் மற்ற பகுதிகள் நகர்த்துவதில்லை. கேன்யன் இருப்பது நவஹோ நிலத்தில், ஆனால் சீட்டில் போட்டிருக்கும் நேரம் பேஜ் ஊர் நேரம். கைப்பேசி எந்தக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டிக் குழப்பும். முதல் நாள் இரவே கைப்பேசியை ஃபீனிக்ஸ் நேரத்தில் நிறுத்திவிடுங்கள். நாங்கள் நவஹோ நாட்டில் உள்ள கயென்டாவில் தங்கி அங்கிருந்து வந்ததால் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து காத்திருந்தோம். எதிர்த்திசையில், பேஜிலிருந்து மோனுமென்ட் வேலிக்குப் போகிறவர்களுக்கு அதே ஒரு மணி நேரம் கையைவிட்டுப் போகும்.

பை, முக்காலி எதுவும் உள்ளே கொண்டுபோக முடியாது. தண்ணீர் பாட்டிலும் கேமராவும் போதும். மேலே காற்றடித்தால் மணல் மெல்லிய திரைபோல் தலையில் இறங்கும், அதனால் உள்ளே போய் லென்ஸ் மாற்றாதீர்கள். நவஹோ நாட்டில் மது விற்பதற்கும் வைத்திருப்பதற்கும் தடை. டிரோனும் பறக்கவிடக் கூடாது. வழிகாட்டி இல்லாமல் யாரும் கேன்யனுக்குள் போக முடியாது. இதையெல்லாம் கெடுபிடி என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். கொரோனா காலத்தில் தங்கள் பெரியவர்களைக் காப்பாற்ற வேண்டும் என்று, வருமானத்தை விட்டுவிட்டு ஒரு வருடத்துக்கும் மேலாக இந்தக் கேன்யனை மூடிவைத்திருந்தவர்கள் அவர்கள். நாம் விருந்தாளிகள். உள்ளே நுழையும்போது "யாஅத்தே" என்று வணக்கம் சொன்னால் அவர்கள் முகம் மலர்வதைப் பார்க்கலாம்.

எங்களைக் கூட்டிப்போனவர் ஒரு இளைஞர். எல்லோருடைய கைப்பேசியையும் வாங்கி, ஆரஞ்சு நிறம் சரியாக வரும்படி கேமராவைத் திருத்திக் கொடுத்தார். ஒளித்தூண் விழுந்த இடத்தில் எல்லோரும் முண்டியடித்துப் படம் எடுத்தார்கள். அம்மா எடுக்கவில்லை. தலைக்கு மேலே இரண்டு சுவர்களுக்கும் நடுவே குறுக்காகச் சிக்கியிருந்த ஒரு மரக்கட்டையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். "இது எப்படிடா அவ்வளவு உயரத்துல?" என்றார். நான் வழிகாட்டியிடம் கேட்டேன்.

"தண்ணீர் கொண்டுவந்து வைத்தது" என்றார் அவர். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி, தன் இடுப்பு உயரத்தில் உள்ளங்கையைப் பாறைமேல் வைத்தார். "போன வெள்ளத்துக்கு முன்னால் தரை இங்கே இருந்தது."

அம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அந்த மணலில் வெறுங்காலோடு கொஞ்ச நேரம் நின்றார்.