அடுத்த ஊர் ஒயின்

பிரெஞ்சு ஒயின் வாங்கும்போது பாதிக் காசு ஊர்ப்பெயருக்கே போய்விடுகிறது. அதே கைத்திறன் இன்னோர் ஊரில் மலிவாகக் கிடைக்கும்.

நுரைக்கும் ஒயினில் இது எளிது. சாம்பெய்னுக்குப் பதில் லுவார் அல்லது லிமூ பகுதியின் கிரெமான் வாங்கலாம். இரண்டுமே பாட்டிலுக்குள் இரண்டாம் முறை நொதித்தவை. கிரெமான் 9 மாதம் ஈஸ்ட் வண்டலோடு கிடந்தால் போதும். சாம்பெய்ன் குறைந்தது 15 மாதம் பாட்டிலில் இருக்க வேண்டும். கிரெமானில் சுட்ட ரொட்டி மணம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

வெள்ளை ஒயினில் என் மனம் முஸ்கதேயிடம்தான். லுவார் ஆறு கடலை நெருங்கும் நான்த் நகரைச் சுற்றி விளைகிறது. 1709 கடுங்குளிரில் அங்கே கொடிகள் கருகின; அதன்பின் குளிர் தாங்கும் மெலோன் திராட்சை பரவியது. லேபிளில் ‘சுர் லீ’ என்று இருக்கிறதா பாருங்கள். குளிர்காலம் முழுக்க ஈஸ்ட் வண்டலை அகற்றாமல் வைத்த ஒயின் என்று பொருள். நாவில் ஒரு கனம் தெரியும். கிளிசோன், கோர்ஜ் என்ற ஊர்ப்பெயர்கள் கண்ணில் பட்டால் சற்றே கூடுதலாகக் கொடுத்தாவது வாங்குங்கள். 2011இல் தனி அங்கீகாரம் பெற்றவை. ஏறத்தாழ இரண்டு ஆண்டு வண்டல்மேல் கிடப்பவை. சிப்பிக்கும் மீனுக்கும் இதைவிடப் பொருத்தமான ஒயினை நான் அறியேன்.

ஆனால் மூக்கைத் துளைக்கும் மணத்துக்காகச் சான்செர் குடிப்பவருக்கு முஸ்கதே ஏமாற்றம்தான் தரும். அவர் சான்செரை ஒட்டிய மெனெத்து-சலோன் தேடலாம். அதே சோவின்யோன் திராட்சை.

சிவப்பில் பர்கண்டிக்கு மாற்று, அதன் தெற்கே உள்ள போஜொலே. பர்கண்டிக் கோமகன் ஃபிலிப் 1395இல் கமே திராட்சையைப் பிடுங்கி எறியச் சொன்னார். போஜொலேயின் கருங்கல் குன்றுகளில் அது செழித்தது. நவம்பர் மூன்றாம் வியாழனன்று வரும் ‘நூவோ’ என்ற இளம் ஒயினைக் குடித்துவிட்டு இந்த ஊரையே ஒதுக்கியவர்கள் பலர். நூவோவை விட்டுவிட்டு, பத்துத் தனிப் பகுதிகளின் பெயரில் வருபவற்றை எடுங்கள். மோர்கோனும் மூலனாவானும் சில ஆண்டுகள் வைத்துக் குடிக்கத்தக்கவை. ஃப்ளூரி இளமையிலேயே இனிது. இவற்றின் லேபிளில் போஜொலே என்ற சொல்லே இல்லாமலும் போகலாம்.

ஒரு பாட்டிலுக்குத்தான் காசிருக்கிறது, இலையில் மீனும் கோழியும் சேர்ந்து இருக்கின்றன என்றால் ஃப்ளூரியையே எடுப்பேன். திறப்பதற்கு முன் அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைப்பேன்.