விண்டோஸ் இல்லாமல் விண்டோஸ் மென்பொருள்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதியோ புதிய ப்ராசஸரோ இல்லாத, ஆனால் இன்னும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினிகளை வைத்திருப்பவர்கள் லினக்ஸுக்கு மாறலாமா என்று யோசிக்கிறார்கள். அவர்களைத் தயங்க வைப்பது ஒரே கேள்வி: என் விண்டோஸ் மென்பொருள் அங்கே ஓடுமா? எல்லாம் ஓடும் என்கிறார் ஒருவர், எதுவும் ஓடாது என்கிறார் இன்னொருவர். விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் வைன் என்ற மென்பொருள் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாததால்தான் இருவரும் இப்படி அடித்துப் பேசுகிறார்கள்.

பரவலான நம்பிக்கை இது: “வைன் கணினிக்குள் ஒரு பொய்க் கணினியை உருவாக்குகிறது, அதனால் எல்லாம் மெதுவாகத்தான் ஓடும்.” அப்படி உருவாக்குபவை விர்ச்சுவல்பாக்ஸ் போன்றவை. அவற்றுக்குள் முழு விண்டோஸையும் நிறுவ வேண்டும். அதற்கு உரிமம் வேண்டும். ரேமில் பெரும்பங்கை ஒதுக்கவும் வேண்டும். வைனுக்கு இவை எதுவும் தேவையில்லை. ஒரு இஎக்ஸ்இ கோப்பில் இருப்பவை பெரும்பாலும் ப்ராசஸருக்கான கட்டளைகள்: இதைக் கூட்டு, அதோடு ஒப்பிடு, அங்கே தாவு. இன்டெல், ஏஎம்டி ப்ராசஸர்களுக்கு இந்தக் கட்டளைகள் விண்டோஸிலும் லினக்ஸிலும் ஒன்றுதான். ஒரு கோப்பைத் திறக்கவோ, திரையில் ஒரு ஜன்னலை வரையவோ நிரல் இயங்குதளத்திடம் உதவி கேட்கும்போதுதான் சிக்கல் வருகிறது. விண்டோஸில் அந்த உதவியைச் செய்பவை கெர்னல்32, யூசர்32 போன்ற டிஎல்எல் கோப்புகள். வைன் அதே பெயர்களில், அதே வேலையைச் செய்யும் கோப்புகளைப் புதிதாக எழுதி வைத்திருக்கிறது. சமையல்காரர் அவரேதான், சாமான் எடுத்துக் கொடுக்கும் ஆள் மட்டும் வேறு.

வேகக் குறைவு இல்லவே இல்லை என்று சொல்லவில்லை. விளையாட்டுகள் பயன்படுத்தும் டைரக்ட்3டி அழைப்புகளை லினக்ஸ் அறிந்த வல்கன் வரைகலை அழைப்புகளாக மாற்ற வேண்டும். டிஎக்ஸ்விகே அதைத்தான் செய்கிறது. வைனையும் டிஎக்ஸ்விகேயையும் சேர்த்து வால்வ் நிறுவனம் 2018 ஆகஸ்டில் வெளியிட்ட புரோட்டான்தான், 2022-இல் வந்த ஸ்டீம் டெக் கையடக்கக் கருவியில் விண்டோஸ் விளையாட்டுகளை ஓட வைக்கிறது. சில விளையாட்டுகள் விண்டோஸைவிடச் சற்று மெதுவாக ஓடுகின்றன, சில அதே வேகத்தில் ஓடுகின்றன. ஒரே முடிவை எல்லாவற்றுக்கும் பொருத்த முடியாது.

ப்ராசஸரே வேறானால் கதை மாறும். 2020-இல் ஆப்பிள் தன் எம்1 சிப்புக்குப் போனபோது, இன்டெலுக்கான கட்டளைகளை ஆர்ம் கட்டளைகளாக மாற்ற ரோசெட்டா 2 தேவைப்பட்டது. கைபேசிகளில் இருப்பதும் பெரும்பாலும் ஆர்ம் சிப்தான். ஆண்ட்ராய்டுக்கு அடியில் லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் இருந்தும் அங்கே வைன் மட்டும் போதாமல் போவது இதனால்தான். பாக்ஸ்64 போன்ற ஒரு மொழிமாற்றியும் கூடவே வேண்டும்.

“இத்தனை ஆண்டுகளாகியும் முழுமையடையவில்லையே, இது ஒரு பொழுதுபோக்கு வேலை” என்ற பேச்சைக் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். விண்டோஸ் 3.1 நிரல்களுக்காக 1993-இல் தொடங்கிய திட்டம் இது. 1994 முதல் அதை வழிநடத்துபவர் அலெக்சாந்தர் ஜூலியார். 1.0 பதிப்பு வெளியானது 2008 ஜூனில்! விண்டோஸின் ஆவணங்களில் இருப்பதை மட்டும் எழுதினால் போதாது. ஆவணத்தில் இல்லாத நடத்தைகளையும் எழுத வேண்டும். விண்டோஸில் உள்ள பிழைகளைக்கூட அப்படியே எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அவற்றை நம்பி எழுதப்பட்ட நிரல்கள் இருக்கின்றன. இது எவ்வளவு கடினம் என்பதற்கு மைக்ரோசாஃப்டின் அனுபவமே சான்று. 2016-இல் விண்டோஸுக்குள் லினக்ஸ் நிரல்களை ஓட்ட அந்நிறுவனம் இதே வழியைத்தான் முயன்றது. லினக்ஸின் மூலநிரல் முழுவதும் கண்முன் திறந்து கிடந்தும் வேகத்திலும் பொருத்தத்திலும் குறைகள் தீரவில்லை. 2019-இல் அறிவித்த இரண்டாம் பதிப்பில் உண்மையான லினக்ஸ் கெர்னலையே விர்ச்சுவல் மெஷினுக்குள் வைத்துவிட்டது. வைன் குழுவுக்கோ விண்டோஸின் மூலநிரல் கிடையாது.

“இது திருட்டு” என்பதற்கும் பதில் அங்கேயே இருக்கிறது. விண்டோஸின் மூலநிரலைப் பார்த்தவர்களிடமிருந்து அதே பகுதிக்கான நிரல்களை வைன் ஏற்பதில்லை. விண்டோஸில் சோதனை நிரல்களை ஓட்டி, என்ன விடை வருகிறது என்று பார்த்து, அதே விடை வரும்படி சொந்தமாக எழுதுகிறார்கள். மைக்ரோசாஃப்டும் வைனைத் திருட்டாக நடத்தவில்லை: டாட்நெட் நிரல்களை மற்ற இயங்குதளங்களிலும் ஓட்ட உதவும் மோனோ திட்டம் தன்னிடம் இருந்தது, 2024-இல் அதன் பொறுப்பை வைன் அமைப்பிடமே ஒப்படைத்தது. ஆனால் ஓட்டப்படும் மென்பொருளின் உரிமம் வேறு விஷயம். காசு கொடுத்து வாங்க வேண்டியதை லினக்ஸிலும் வாங்கித்தான் ஆக வேண்டும்.

எது ஓடாது? நிரல் தன் எல்லைக்குள் நிற்காமல் கெர்னலுக்குள் டிரைவராக இறங்கும்போது வைனின் வழி அடைபடுகிறது. டாங்கிள் என்ற உரிமச் சாவியைச் செருகினால் மட்டுமே திறக்கும் மென்பொருட்கள் பெரும்பாலும் இங்கேதான் முரண்டு பிடிக்கும். வேலொரண்ட் விளையாட்டின் வான்கார்ட் என்ற, ஏமாற்றி ஆடுவதைத் தடுக்கும் காவல் மென்பொருள் கெர்னலில் உட்காருவதால் அந்த விளையாட்டு லினக்ஸில் கிடையாது. இதே வகைக் காவல் மென்பொருள்களான ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ இரண்டும் 2021-இலேயே புரோட்டானுக்கு வழிவிட்டன. ஆனால் அதை இயக்குவதா வேண்டாமா என்பது அந்தந்த விளையாட்டு நிறுவனத்தின் முடிவு. ஃபோர்ட்நைட் இன்னும் லினக்ஸுக்கு வராததற்குக் காரணம் அந்த முடிவுதான்.

ஆபத்தான நம்பிக்கை ஒன்றும் உண்டு: “லினக்ஸில்தானே ஓட்டுகிறோம், விண்டோஸ் வைரஸ் என்ன செய்துவிடும்?” வைன் ஒரு பாதுகாப்புக் கூண்டு அல்ல. அதற்குள் ஓடும் நிரலுக்கு உங்கள் கணக்குக்கு உள்ள எல்லா அனுமதியும் உண்டு. இசட் டிரைவ் வழியாக உங்கள் கோப்புகள் அனைத்தும் அதற்குத் தெரியும். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நிரல் வைனில் ஓடினால் உங்கள் புகைப்படங்களையும் பூட்டலாம். அதனால் வைனை ஒருபோதும் எல்லா அதிகாரமும் உள்ள ரூட் கணக்கில் இயக்காதீர்கள்.

விண்டோஸை அழிப்பதற்கு முன் நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும் மென்பொருளின் பெயரையும் பதிப்பையும் எது எவ்வளவு ஓடுகிறது என்று சொல்லும் வைனின் ஆப்டிபி பட்டியலில் தேடிப் பாருங்கள். அதே பெயரில் ஒரு பதிப்பு ஓடும், அடுத்தது ஓடாது. பழைய நிரல் வைத்திருப்பவர்களும் பார்க்கலாம்: 64-பிட் விண்டோஸ் கைவிட்டுவிட்ட, 1990-களின் 16-பிட் விண்டோஸ் நிரல்கள் பல 64-பிட் லினக்ஸில் வைன் வழியாக இன்றும் ஓடுகின்றன.