சூரியன் சமைத்த நாடு: ஒரு கதையும் அதன் பயனும்



"சுற்றாடலைப் பேணுவோம்" என்னும் தலைப்பில் கட்டுரை எழுதும்போது உங்களில் பலர் காடழிப்பு, வரட்சி, வெள்ளம், புவி வெப்பமடைதல் என அழிவுகளை வரிசைப்படுத்துகின்றீர்கள். இறுதிப் பந்தியில் "எனவே சூழலைப் பாதுகாப்போமாக" என முடிக்கின்றீர்கள். அழிவை விளக்குவது அவசியமே. ஆயினும் நாம் எத்தகைய உலகை ஆக்க விரும்புகின்றோம் என்பது அதில் இடம்பெறுவதில்லை. இக்குறையை நீக்க உதவும் ஓர் இலக்கிய வகையை இங்கு நோக்குவோம்.

1. சோலார்பங்க் என்றால் என்ன?

சூரியன், காற்று முதலிய மீளப் புதுப்பிக்கத்தக்க சக்திகளைக் கொண்டு, இயற்கையோடு இணைந்து, ஒருவருக்கொருவர் உதவி வாழும் எதிர்காலச் சமூகத்தைச் சித்திரிக்கும் கதைகள் சோலார்பங்க் எனப்படும். 2012 ஆம் ஆண்டு பிரேசிலில் போர்த்துக்கேய மொழியில் வெளிவந்த சிறுகதைத் தொகுதியொன்று இப்பெயரையே தலைப்பிற் கொண்டிருந்தது. பெயர் புதியதாயினும் இத்தகைய கற்பனை பழையது.

2. ஒரு முன்னோடிக் கதை

1905 ஆம் ஆண்டு சென்னையிலிருந்து வெளிவந்த "இந்தியன் லேடீஸ் மகசீன்" என்னும் ஆங்கிலச் சஞ்சிகையில் "சுல்தானாவின் கனவு" என்ற சிறுகதை வெளியாயிற்று. இதனை எழுதியவர் வங்காளத்தைச் சேர்ந்த றொக்கேயா சகாவத் ஹுசைன் (1880 - 1932). பாடசாலை சென்று கற்கும் வாய்ப்பு இவருக்குக் கிடைக்கவில்லை. வீட்டில் தமையனாரிடமே ஆங்கிலம் கற்றார்.

கதையில் சுல்தானா பெண்கள் ஆளும் நாடொன்றைக் காண்கிறாள். அங்கே சமையலறை மரக்கறித் தோட்டத்தின் நடுவே உள்ளது. கரியும் இல்லை, புகையும் இல்லை. சூரிய வெப்பத்தாலேயே சமைக்கின்றனர். ஒரு பெண்கள் பல்கலைக்கழகம் முகில்களிலிருந்து குழாய் மூலம் நீரைப் பெறும் வழியையும், மற்றொன்று சூரிய வெப்பத்தைச் சேகரிக்கும் கருவியையும் கண்டுபிடித்தன. படைபலத்தைப் பெருக்குவதில் ஈடுபட்டிருந்த ஆண்கள் இவற்றை எள்ளி நகையாடினர். பின்னர் பகைவர் படையெடுத்தபோது அவர்கள் தோற்றனர். நாட்டைக் காத்தது அதே சூரிய வெப்பமே.

3. கதையிலிருந்து செயலுக்கு

றொக்கேயா சூரிய அடுப்பு எதனையும் செய்யவில்லை. ஆனால் கதையில் வரும் கண்டுபிடிப்புகள் யாவற்றுக்கும் அடிப்படை பெண்கல்வியாகும். தம்மால் இயன்ற அந்தப் பகுதியையே அவர் நிசமாக்க முனைந்தார். 1909 இல் கணவர் இறந்தபின், அவர் ஒதுக்கிவைத்த பணத்தைக் கொண்டு பாகல்பூரில் பெண்கள் பாடசாலை ஒன்றைத் தொடங்கினார். 1911 இல் கல்கத்தாவில் 8 மாணவிகளுடன் அதனை மீண்டும் ஆரம்பித்தார். வீடு வீடாகச் சென்று பெற்றோரிடம் பிள்ளைகளை அனுப்புமாறு கேட்டார். அப்பாடசாலை இன்றும் இயங்குகின்றது.

4. கதையால் ஆவதும் ஆகாததும்

(அ) கதை கருவியைத் தராது. பயன்படத்தக்க சிலிக்கன் சூரியக் கலம் 1954 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் உருவானது விஞ்ஞானிகளின் உழைப்பினாலாகும்.

(ஆ) கதை "இப்படியும் வாழலாம்" எனக் காட்டும். பார்த்திராத ஒன்றை எவரும் விரும்ப முடியாது.

(இ) கதை கேள்வி எழுப்பும். சுல்தானா கண்ட நாட்டில் ஆண்கள் வீட்டினுள் அடைக்கப்பட்டுள்ளனர். பெண்களை அடைத்துவைத்த அக்கால வழக்கத்தைத் தலைகீழாக்கிய அங்கதம் இது. எவரையேனும் ஒதுக்கிவைக்கும் உலகம் பசுமையாக இருந்தாலும் போதுமா என நாம் சிந்திக்க வேண்டும்.

இராஜஸ்தானின் திலோனியா கிராமத்தில் 1972 இல் தொடங்கப்பட்ட பெயர்புட் கல்லூரி, எழுதப் படிக்க அதிகம் அறியாத கிராமப் பெண்களுக்கும் சூரிய விளக்குகளைப் பொருத்தவும் திருத்தவும் பயிற்சி அளித்துள்ளது. அது அக்கதையால் விளைந்ததன்று. எனினும் 1905 இல் கனவாக இருந்தது நடைமுறைக்கு உரியதே என்பதற்கு அது சான்றாகும்.

நினைவிற் கொள்க

கட்டுரையின் இறுதிப் பந்தியில் வேண்டுகோள் மட்டும் விடுக்காதீர்கள். மாறிய ஊர் ஒன்றைக் காட்டுங்கள்: சக்தி எங்கிருந்து வருகிறது, வேலையைச் செய்பவர் யார், பயன் எவரைச் சேர்கிறது என்பன அதில் தெளிவாக இருக்கட்டும்.

பயிற்சி

1. சோலார்பங்க் கதைகளின் இரு பண்புகளைக் குறிப்பிடுக.
2. றொக்கேயாவின் கதைக்கும் அவர் நிறுவிய பாடசாலைக்கும் உள்ள தொடர்பை விளக்குக.
3. "2050 இல் எனது ஊர்" என்னும் தலைப்பில் கட்டுரை வரைக. அதில் நீங்கள் இவ்வாண்டிலேயே தொடங்கக்கூடிய ஒரு செயலையும் சேர்த்துக்கொள்க.