சிசுவின் இருதயமும் சிகிச்சைக்குரிய காலமும்

கருவில் இருதயம் முதல் எட்டு வாரங்களுக்குள் உருப்பெறுகிறது. அவ்வமைப்பில் பிழை நேரின் அது பிறவி இருதயக் குறை எனப்படும். பிறக்கும் ஆயிரம் சிசுக்களில் ஏறக்குறைய எட்டு அல்லது ஒன்பதில் இது காணப்படுகிறது. சிறு துவாரங்கள் பல தாமே மூடிக்கொள்ளும். கடினமான குறைகளுக்கு அறுவைச் சிகிச்சையே வழி. அதற்கும் உரிய காலம் உண்டு என்பதை மூன்று உதாரணங்கள் விளக்கும்.

முதலாவது, கீழறைகளைப் பிரிக்கும் சுவரில் உள்ள பெருந்துவாரம். இடப்புற இரத்தம் மிகுந்த அழுத்தத்துடன் வலப்புறம் பாய்ந்து நுரையீரலைச் சேர்வதால், அங்குள்ள குழாய்கள் நாளடைவில் தடித்து இறுகும். அதன்பின் துவாரத்தை மூடினால் தீமையே விளையும். ஆகையால் பெரும்பாலும் முதல் ஆண்டிற்குள் மூடுகின்றனர்.

இரண்டாவது, 1888-ல் பிரெஞ்சு மருத்துவர் ஃபாலோ விவரித்த நான்கு குறைகளின் கூட்டு. நுரையீரலுக்குச் செல்லும் வழி குறுகியிருப்பதால், பிராணவாயு குறைந்த இரத்தம் உடலெங்கும் பரவி, உதடும் நாவும் நீலமாகும். இதனை 1954-ல் அமெரிக்காவில் லில்லிஹை முதன்முதலாக முழுமையாகச் சீர்செய்தார்.

மூன்றாவது, இருதயத்தினின்று புறப்படும் இரு பெருங்குழாய்களும் இடம் மாறியிருத்தல். 1975-ல் பிரேசில் நாட்டு ஜடேனே அவற்றை மாற்றிப் பொருத்தினார். இக்குறையில் இடது கீழறை நுரையீரலுக்கு மட்டும் இரத்தம் செலுத்துவதால் விரைவில் வலிமை குன்றும். எனவே பொதுவாக முதற் சில வாரங்களுக்குள் சிகிச்சை நடைபெற வேண்டும்.

இத்தகைய சிகிச்சைகள் இன்று பெங்களூரில் நடைபெறுகின்றன. டாக்டர் தேவி ஷெட்டி நிறுவிய நாராயண ஹிருதயாலயாவிற்கு, 2003 ஜூலையில், லாகூர்-டில்லி பஸ்ஸில் வந்த பெற்றோர் தம் இரண்டரை வயதுக் குழந்தையைக் கொணர்ந்தனர். சிகிச்சை பெற்ற குழந்தை நலமுடன் நாடு திரும்பியது. அயல்நாட்டுக் குழந்தை வந்து சேர்ந்த அவ்விடத்திற்கு, அண்டைத் தாலுகாவின் சிசு அடையாளம் காணப்படாமையால் காலந்தாழ்ந்து செல்லுதல் கூடாது.

கள ஊழியர் கவனிக்க வேண்டுவன: பால் அருந்துகையில் சிசு வியர்த்தல், இடையிடையே களைத்து நிறுத்துதல், எடை ஏறாமை, அடிக்கடி நுரையீரல் அழற்சி, அழும்போது நாக்கு நீலமாதல். சிசு அமைதியாக இருக்கும்பொழுது ஒரு முழு நிமிஷம் சுவாசத்தை எண்ணுக. இரண்டு மாதத்திற்குட்பட்ட சிசுவிற்கு அது 60 அல்லது அதற்கு மேற்பட்டால் உடனே மருத்துவரிடம் அனுப்புக. ஓடியபின் குந்தியமரும் மாணவனை ஆசிரியர் சோம்பேறியெனக் கருதலாகாது. அது ஃபாலோ குறையின் அடையாளமாக இருக்கலாம்.

2013-ல் மத்திய அரசு தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் திட்டம், பிறப்பு முதல் 18 வயது வரையுள்ளோரிடம் கண்டறிய வேண்டிய நிலைகளில் இக்குறையையும் சேர்த்துள்ளது. மருத்துவரின் கை குறையைச் சீர்செய்யும். அதற்குரிய காலத்தைக் காத்துத் தருவது ஊழியரின் கண்ணேயாகும்.