உறைபனிக் காலத்தில் பின்வளவுக் கோழிகள்: பராமரிப்பும் சட்டமும்

2022 டிசெம்பர் 11 ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை இரவு லண்டனில் பனி பொழிந்தது. பின்வளவில் கோழி வளர்ப்போருக்கு மறுநாட் காலையில் இரண்டு சிக்கல்கள் ஒருங்கே வந்து சேர்ந்தன. ஒன்று உறைபனி. மற்றையது, பறவைக் காய்ச்சல் காரணமாக நவெம்பர் 7 ஆம் திகதி முதல் இங்கிலாந்து முழுவதும் நடைமுறையில் இருந்த, வளர்ப்புப் பறவைகளை அடைத்தே வைத்திருக்க வேண்டும் என்னும் உத்தரவு. அது 2023 ஏப்ரல் 18 ஆம் திகதி வரை நீடித்தது. இத்தகைய நாட்களில் கூட்டின் துவாரங்களை எல்லாம் இறுக அடைப்பதும், எஞ்சிய சோற்றைச் சூடாக்கிக் கோழிக்கு வைப்பதும் எம்மவரிடையே காணப்படும் வழக்கங்கள். இரண்டும் இரக்கத்தினால் செய்யப்படுபவை. ஆயினும் முதலாவது கோழிக்குத் தீங்கானது. இரண்டாவது சட்டப்படி குற்றமாகும்.

இறகு முழுமையாக வளர்ந்த, நலமுள்ள கோழிக்கு லண்டனின் குளிர் பெரும் பகையன்று. அதன் உடல் வெப்பநிலை ஏறக்குறைய 41 பாகை செல்சியஸ். இறகுகளைச் சிலிர்த்து, அவற்றினிடையே காற்றைத் தேக்கி, அந்த வெப்பத்தை அது காத்துக்கொள்கிறது. கோழிக்குக் கேடு விளைவிப்பது ஈரம். இரவு முழுவதும் கோழிகள் விடும் மூச்சிலும் இடும் எச்சத்திலும் நீர் இருக்கிறது. மூடிய கூட்டில் அந்நீர் வெளியேற வழியின்றிக் கூரையிலும் சுவரிலும் படிகிறது. எச்சத்திலிருந்து எழும் அமோனியா மூச்சுக் குழாய்களைப் புண்ணாக்குகிறது. ஈரமான கொண்டை குளிரில் உறைந்து நுனி கறுக்கிறது. ஆகவே கூரைக்குச் சற்றுக் கீழே, கோழிகள் உறங்கும் மட்டத்திற்கு மேலாக, காற்றுத் துவாரங்கள் எப்போதும் திறந்திருக்க வேண்டும். உறங்கும் கோழியின் மீது காற்று நேராக வீசுவதைத் தடுப்பதே போதுமானது. இதனைச் சோதிப்பது எளிது. காலையில் கூட்டைத் திறந்தவுடன் உட்சுவரில் நீர்த்துளிகள் இருந்தாலோ, கண்ணை எரிக்கும் நெடி எழுந்தாலோ காற்றோட்டம் போதாது என்று கொள்ளுங்கள்.

கோழிகள் ஏறி உறங்கும் தடி 4 முதல் 5 சென்ரிமீற்றர் வரை அகலமுள்ள தட்டையான மரமாக இருப்பது நல்லது. அப்போதுதான் கால்விரல்கள் வயிற்று இறகுகளுக்குள் மறையும். தரையில் உலர்ந்த மரச்சீவலைத் தடிப்பாகப் பரப்பி, நனைந்த பகுதியை அன்றன்றே அகற்றுங்கள். கூட்டினுள் ஹீட்டரோ வெப்ப விளக்கோ வைக்க வேண்டாம். மரச்சீவலும் தூசியும் நிறைந்த இடத்தில் தீப்பற்ற ஒரு நொடி போதும். மண்ணெண்ணெய் அடுப்பின் புகை நஞ்சு. இறகு முளைக்காத குஞ்சுகளுக்கும் நோயுற்ற கோழிக்குமே தனியான வெதுவெதுப்பு தேவை. அவற்றைப் பெட்டியொன்றில் வைத்து, குளிரற்ற வேறோர் அறைக்கு மாற்றுங்கள்.

நீர் உறைவதே அன்றாடத் தொல்லை. நீர் இல்லையேல் கோழி தீனியைக் குறைக்கும். தீனி குறைந்தால் உடல் வெப்பமும் குறையும். இரண்டு பாத்திரங்களை வைத்து, ஒன்று வெளியே இருக்கையில் மற்றையதை வீட்டினுள் வைத்து மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதே நான் அறிந்தவற்றுள் எளிய வழி. காலையிலும் நண்பகலிலும் பிற்பகலிலுமாக மூன்று தடவை பாருங்கள். டிசெம்பர் நடுப்பகுதியில் லண்டனில் மாலை 4 மணிக்கு முன்னரே சூரியன் மறைந்துவிடும் என்பதை நினைவிற் கொள்க. நீர் உறையாதிருக்க அதில் உப்போ, வாகனங்களுக்கு ஊற்றும் உறைதடுப்புத் திரவமோ கலக்கக் கூடாது. பின்னையது கொடிய நஞ்சாகும்.

முட்டையிடும் கோழியொன்று நாளொன்றுக்கு ஏறக்குறைய 120 கிராம் தீனி உண்ணும். குளிர் நாட்களில் சற்றுக் கூடுதலாக உண்ணும். மாலையில் ஒரு பிடி கோதுமையோ சோளமோ கொடுத்தால் அது இரவில் மெல்லச் செரித்து வெப்பம் தரும். எஞ்சிய தீனியை இரவில் வெளியே விடாதீர்கள், எலிகள் வரும். நரிகளுக்கு ஜனவரி இணைசேரும் காலம். இருட்டுமுன் கூட்டின் கதவைப் பூட்டிவிடுங்கள்.

இனிச் சோற்றுக்கு வருவோம். இது பற்றி எழுதும்போதெல்லாம், “சோறு போட்டாலும் வழக்கா?” என்ற கேள்வி என் காதில் ஒலிக்கும். 2001 ஆம் ஆண்டில் பிரித்தானியாவில் கால்நடைகளிடையே கோமாரி நோய் பரவியது. பதப்படுத்தப்படாத உணவுக்கழிவை நோதம்பர்லாந்துப் பண்ணையொன்றில் பன்றிகளுக்கு இட்டதே அதன் தொடக்கமாகக் கருதப்படுகிறது. அதன் பின்னர் விதிக்கப்பட்ட தடை இன்றும் உள்ளது. அது உங்கள் பின்வளவில் நிற்கும் இரண்டு கோழிகளுக்கும் பொருந்தும். சமையலறைக்குள் சென்று வந்த எதையும் கோழிக்கு இடக்கூடாது. சோறு, பாண், மரக்கறித் தோல் யாவும் இதில் அடங்கும். தோட்டத்தில் பறித்த கீரையையும், கடையில் வாங்கிய கோவாவையும் சமையலறைக்குக் கொண்டு செல்லாது நேரே கோழிக்குக் கொடுக்கலாம். காட்டுப் பறவைகளுக்கென விற்கப்படும் உலர்ந்த புழுக்களையும் கோழிக்குக் கொடுக்கக் கூடாது.

இங்கு மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் ஓர் எச்சரிக்கை. “வீகன்” உணவு மட்டுமே சமைக்கப்படும் வீடுகளுக்கு இத்தடையிலிருந்து விலக்கு உண்டு. “வீகன்” என்பதைச் “சைவம்” என்று தமிழாக்கினால் பொருள் பிழைத்துவிடும். பாலும் தயிரும் நெய்யும் புழங்கும் சைவ வீட்டுக்கு இந்த விலக்குக் கிடையாது. அவ்வாறு மொழிபெயர்க்கப்பட்ட தாள் எதையேனும் நீங்கள் கண்டால் அதனை நம்ப வேண்டாம்.

பதிவு செய்தலும் கட்டாயமாகும். 2024 ஒக்டோபர் 1 ஆம் திகதி முதல், இங்கிலாந்தில் ஒரேயொரு கோழி வளர்ப்பவரும் விலங்கு மற்றும் தாவர நல முகவரகத்தில் பதிய வேண்டும். பதிவு செய்தவர்களுக்கே நோய் எச்சரிக்கைகள் நேரடியாக வந்து சேரும். அடைத்து வைக்கும் உத்தரவு வந்தால், அது இரவுக் கூட்டினுள்ளேயே பூட்டி வைப்பதைக் குறிக்காது. காட்டுப் பறவையின் எச்சம் உள்ளே விழாதவாறு நீர் ஒழுகாத கூரையும், 25 மில்லிமீற்றருக்கு மேற்படாத கண்களையுடைய வலையும் கொண்ட முற்றம் போதுமானது. கூரையிற் சேரும் பனியை அவ்வப்போது தட்டிவிடுங்கள். அதன் பாரத்தால் கூரை சரியக்கூடும். அடைபட்ட கோழிகள் சலிப்பினால் ஒன்றையொன்று கொத்தும். ஒரு கோவாவைக் கயிற்றில் தொங்கவிட்டால் அவற்றுக்கு வேலை கிடைக்கும்.

உத்தரவின் விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன. 2025 நவெம்பரில் பிறப்பிக்கப்பட்ட உத்தரவு 50 இற்குக் குறைந்த பறவைகளை வளர்ப்போருக்கு விலக்களித்தது. ஆனால் முட்டையை விற்பவருக்கும், விலையின்றிப் பிறருக்குக் கொடுப்பவருக்குங்கூட அந்த விலக்கு இல்லை. அயலவருக்கு நான்கு முட்டை கொடுத்தனுப்புவது எமது பண்பு. அதற்கு முன்னர் அப்போதுள்ள விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாரியில் முட்டை குறைவது இயல்பு. பகல் 8 மணித்தியாலத்திற்கும் குறைந்துவிடுவதும், இறகு உதிர்த்தலும் அதற்குக் காரணங்கள். கொண்டையின் நுனி மட்டும் கறுத்து உலர்ந்தால் அது உறைபனிக் காயமாக இருக்கலாம். ஆனால் கொண்டையும் தாடியும் நீலம் பாரித்து, தலை வீங்கி, மூச்சுத் திணறி, ஒன்றுக்கு மேற்பட்ட கோழிகள் சோர்ந்தாலோ திடீரென இறந்தாலோ அதைக் குளிரின் மேற் சுமத்த வேண்டாம். பறவைக் காய்ச்சல் என ஐயுற்றால் உடனே அறிவிப்பது சட்டக் கடமை. இங்கிலாந்தில் அதற்கான தொலைபேசி இலக்கம் 03000 200 301.

டிசெம்பர் விடுமுறைக்கு ஊர் செல்வோர் கவனிக்க வேண்டியதொன்றும் உண்டு. 2006 ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டத்தின்படி, விலங்கின் உரிமையாளர் எங்கிருந்தாலும் பொறுப்பிலிருந்து நீங்குவதில்லை. தற்காலிகமாகப் பார்த்துக்கொள்பவரும் பொறுப்பாளியாகிறார். நீரும் கூளமும் மாற்றும் முறையை எழுதிக் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள். சோறு போடக்கூடாது என்பதையும் அதில் எழுதுங்கள். உங்கள் மாமியார் அதை நம்பமாட்டார்.

அலொட்மென்ட் காணியில் சொந்தத் தேவைக்குக் கோழி வளர்க்க 1950 ஆம் ஆண்டின் சட்டம் உரிமை தருகிறது. சேவலுக்கு அந்த உரிமை இல்லை. ஆயினும் வீட்டிலிருந்து தொலைவிலுள்ள காணியில், பனிக்காலத்தில் நாளுக்கு மூன்று தடவை நீர் மாற்ற உங்களால் இயலுமா என்பதை முதலில் எண்ணிப் பாருங்கள். வாடகை வீட்டில் இருப்போர் கோழி வாங்குமுன் தமது ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்தல் வேண்டும்.

பனி உருகும் நாளிற் கவனம் தளர்வது வழக்கம். முற்றம் சேறாகி, நனைந்த கால்களோடு கோழிகள் கூட்டினுள் ஏறுவது அந்நாளில்தான். அன்று மாலை 4 மணிக்கு முன்னரே கூளம் முழுவதையும் மாற்றிவிடுங்கள்.